விரல் பட்டால் நிற்கும் டேபிள் ஸா: வாங்கும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. நிலை, ஜன்னல், கிச்சன் கபோர்டு என்று கிழக்கே தக்கலை வரைக்கும், மேற்கே களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் வேலைக்குப் போகிறோம். போன வருஷம் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு டேபிள் ஸா (மேசை நடுவே வட்டப் பிளேடு எட்டிப் பார்க்கிற மர அறுப்பு மெஷின்) வாங்க நாலு மாதம் அலைந்தேன். அதிலிருந்து தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஆசாரிமார் போனில் கேட்பது இதே கேள்விகள்தான், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

"பிரேக் உள்ள மெஷின்" என்று கடையில் சொல்கிறார்களே, அதுதானே இது?

பெரும்பாலும் இல்லை. நான் முதலில் மாட்டிக்கொண்டதே இந்த இடத்தில்தான். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) "கை வைத்தாலும் நின்றுவிடும் அண்ணே" என்று அடித்துச் சொன்னார்கள். சரி, ஒரு கோழிக்கால் வாங்கி வருகிறேன், வைத்துக் காட்டுங்கள் என்றேன். பையன் சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டி, சுவிட்சை அணைத்தான். மூன்று வினாடியில் பிளேடு நின்றது. "பார்த்தீங்களா, பிரேக்!" என்றான்.

அது மோட்டார் பிரேக். சுவிட்சை அணைத்த பிறகு பிளேடு சும்மா சுற்றிக்கொண்டே இருக்காமல் சில வினாடியில் நிற்பதற்கானது. நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அணைத்த பிறகு சுற்றுகிற பிளேடில் கை பட்டவர்கள் நிறைய. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் பட்டது அதற்குத் தெரியாது. நாம் பேசுகிற சங்கதி வேறு: தோல் பட்டதைத் தானே கண்டுபிடித்து அந்த நொடியே நிற்பது. இன்னும் சிலர் லோடு கூடினால் கட் ஆகிற ஓவர்லோடு டிரிப்பையும் பிரேக் என்கிறார்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சுவிட்சை அணைக்காமல், விரல் பட்டால் நிற்குமா? நின்ற பிறகு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" இரண்டாவது கேள்விக்கு முழித்தால், அந்த மெஷினில் அது இல்லை.

அது எப்படித்தான் தெரிந்துகொள்கிறது?

பிளேடு முழுக்க ஒரு மிகச் சின்ன மின் சிக்னல் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த மரம் அதைத் தொந்தரவு செய்யாது. மனித உடம்பு அப்படி இல்லை, அதில் ஈரமும் உப்பும் உண்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். விரல் தொட்டதும் சிக்னல் விழுகிறது, உள்ளே இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து ஒரு மெல்லிய கம்பியை எரித்து அறுக்கிறது, அந்தக் கம்பி கட்டி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு ஒரு அலுமினியக் கட்டையைப் பிளேடின் பல்லுக்குள் தள்ளுகிறது. பல் அலுமினியத்தைக் கடித்து நிற்கும், அந்த வேகத்திலேயே பிளேடு மேசைக்குக் கீழேயும் இறங்கிவிடும். மொத்தமும் 5 மில்லிசெகண்டுக்குள்.

5 மில்லிசெகண்ட் என்றால் எவ்வளவு? நிமிஷத்துக்கு 3,650 சுற்று ஓடுகிற பிளேடு ஒரு சுற்றுச் சுற்ற 16 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதாவது மூன்றில் ஒரு பங்கு சுற்றுகூட முடியாது. நாம் "ஐயோ" என்று கையை இழுப்பதற்குள் அதே பிளேடு பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்.

அப்படியானால் கீறல்கூட விழாதா?

விழும். விளம்பர வீடியோவில் விரலுக்குப் பதில் சாசேஜை (இறைச்சிக் குழல்) மெதுவாகத் தள்ளுகிறார்கள், அதனால் ஒரு கோடு மட்டும் விழுகிறது. இதைக் கண்டுபிடித்த ஸ்டீவ் காஸ் என்கிற அமெரிக்கர் டிவியில் தன் சொந்த விரலையே வைத்துக் காட்டினார், அதுவும் மெதுவாகத்தான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கை வழுக்கிப் போனால் 5 மில்லிசெகண்டில் அது 5 மில்லிமீட்டர் நகரும். தையல் போட வேண்டி வரலாம். விரல் துண்டாகி விழுவதற்குப் பதில் நாலு தையல் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறது?

முதலாவது சாஸ்டாப். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்துக் கம்பெனி. காஸ் இயற்பியல் படித்தவர், காப்புரிமை வக்கீலும்கூட, அதனால் முள்வேலி போட்டதுபோலக் காப்புரிமை வாங்கி வைத்தார். 2004இல் முதல் மெஷின் விற்பனைக்கு வந்தது, அது பட்டறையில் நிலையாக வைக்கிற பெரிய மெஷின். சைட்டுக்குத் தூக்கிப் போகிற மாடல் 2015இல் வந்தது, அதைவிடச் சின்னதாக 'காம்பாக்ட்' என்று ஒன்று பிறகு வந்தது. 2017இல் ஃபெஸ்டூல் கம்பெனியின் தாய் நிறுவனம் சாஸ்டாப்பையே வாங்கிவிட்டது, இப்போது ஃபெஸ்டூல் டிகேஎஸ் 80 என்கிற மெஷினிலும் இதே சங்கதி இருக்கிறது.

போஷ் 2016இல் ரியாக்ஸ் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காரின் ஏர்பேக் மாதிரி வாயு வெடித்து பிளேடைக் கீழே தள்ளும், பிளேடுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு அந்த யோசனைதான் பிடித்திருந்தது. ஆனால் காப்புரிமை வழக்கில் சாஸ்டாப் ஜெயித்தது, ரியாக்ஸ் கடையை விட்டே போனது. ஃபெல்டர், ஆல்டன்டார்ஃப் ஆகிய கம்பெனிகளும் கையைக் காப்பாற்றுகிற ஏற்பாடு செய்திருக்கின்றன, ஆனால் அவை பெரிய பேனல் ஸாக்கள், மினி டெம்போவில்கூட ஏறாது.

நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கிற போஷ் ஜிடிஎஸ் 10 ஜே, டிவால்ட் 7492 போன்றவற்றில் இது கிடையாது. நல்ல மெஷின்கள்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சான் அமெரிக்காவில் இருக்கிறான், கொழுந்தன் துபாயில் இருக்கிறான். கொண்டுவரச் சொல்லலாமா?

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் வெளியில் இருப்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான். இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 15 ஆம்பியர் இழுக்கிற மெஷினுக்கு 3 கேவிஏ இல்லாமல் நான் துணியமாட்டேன். மெஷினே 30 கிலோவைத் தாண்டும், டிரான்ஸ்ஃபார்மர் இன்னொரு சுமை, அப்புறம் அது எங்கே தூக்கிக்கொண்டு போகிற மெஷின்? இந்த மாதிரி சின்ன மெஷினில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அதற்கு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் விரலைக் காப்பாற்றுகிற எலக்ட்ரானிக்ஸை மட்டும் குத்துமதிப்பான கரண்டில் ஓட்டிப் பார்க்க எனக்கு மனசில்லை.

துபாயில் கரண்ட் நம் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மூன்று சதுரக் கால், அதை மாற்றிக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தாலும் மெஷினில் ஒட்டியிருக்கிற தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கூடவே இரண்டு கார்ட்ரிட்ஜும் (அந்த அலுமினியக் கட்டையும் ஸ்பிரிங்கும் அடங்கிய பெட்டி, ஒரு தடவை வேலை செய்தால் மாற்ற வேண்டியது) வந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு தடவை வெடித்த பிறகு அடுத்த லீவுக்கு மச்சான் வரும்வரை மெஷின் மூலையில் கிடக்கும், கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அது ஓடவே ஓடாது.

ரப்பர் மரம், அயனி, பலா எல்லாம் இதில் அறுக்கலாமா?

இதுதான் நம் பக்கத்துக் கேள்வி, வெளிநாட்டு வீடியோ எதிலும் பதில் கிடைக்காது.

நெய்யாற்றின்கரையில் தெரிந்த ஒரு சேட்டனின் பட்டறையில் இந்த மெஷின் ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன் அதில் இரண்டு நாள் அறுத்துப் பார்க்க விட்டார், பெரிய மனசு. முதல் நாள் முழுக்க ப்ளைவுட், காய்ந்த தேக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாம் நாள் ஆடி மழையில் நனைந்த ஒரு பலாப்பலகை. பாதி அறுத்திருப்பேன், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிளேடைக் காணோம், மேசைக்குக் கீழே போய்விட்டது. என் பத்து விரலையும் நான் எண்ணிப் பார்த்தேன், சேட்டனும் எண்ணினார். எல்லாம் இருந்தது. அந்தப் பலகையின் ஈரம் அந்த மெஷினுக்கு விரல் மாதிரி தெரிந்திருக்கிறது.

காரணம் எளிது, ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். பச்சை ரப்பர் மரத்தில் தண்ணீர் ஏராளம். அது போக, ரப்பர் மரத்தைப் பூச்சிக்குத் தப்பவைக்கப் போரான் உப்புக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைக்கிறார்கள், உப்பும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சூளையில் முழுக்க உலர்த்தி வந்த ரப்பர் மரம் என்றால் பயமில்லை. ஊறவைத்து அரைகுறையாக வெயிலில் போட்டதை மில்லிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் அது வெடிக்கக் காத்திருக்கிற கார்ட்ரிட்ஜ். இரண்டு முள் குத்திப் பார்க்கிற ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அலுமினியமும் இதே கதைதான், கண்ணாடி பூசிய அக்ரிலிக்கும் அப்படியே.

இதற்காக மெஷினில் பைபாஸ் சாவி ஒன்று உண்டு. அதைத் திருப்பி ஓட்டினால் விரல் பாதுகாப்பு அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் வேலை செய்யாது, பிளேடு நின்று மறுபடி ஓட்டும்போது திரும்ப வந்துவிடும். சந்தேகமான பலகை என்றால் பைபாஸில் ஒரு சின்னத் துண்டு அறுத்துப் பார்க்கலாம், வெடித்திருக்குமா இல்லையா என்று விளக்கு மினுங்கிக் காட்டும். ஆனால் நாள் முழுக்க ஈர மரம் அறுக்கிறவர் நாள் முழுக்கச் சாவியைத் திருப்பித்தான் வைத்திருப்பார். அப்படியானால் பல மடங்கு காசு கொடுத்து சாதாரண மெஷின் வாங்கின கணக்குதான்.

ஒரு தடவை வெடித்தால் எவ்வளவு நஷ்டம்?

கார்ட்ரிட்ஜ் போச்சு, அமெரிக்காவில் அதன் விலை சுமார் 100 டாலர், இங்கே வந்து சேர அதற்கு மேல். பிளேடும் பெரும்பாலும் போச்சு, அலுமினியத்துக்குள் புதைந்து பல் தெறித்திருக்கும். மாற்ற ஐந்து பத்து நிமிஷம் போதும். சேட்டனுக்கு இரண்டுக்கும் காசு கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்றார், பாதிதான் வாங்கினார்.

பிளேடு எது வேண்டுமானாலும் போடலாமா? சாணை பிடித்தது?

10 அங்குல மெஷினுக்கு 10 அங்குலம்தான். 8 அங்குலப் பிளேடைப் போட்டால் அலுமினியக் கட்டைக்கும் பல்லுக்கும் நடுவே பெரிய சந்து விழும், போய்க் கடிக்க நேரமாகும். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பிளேடிலும் இதே விஷயம் கொஞ்சமாக நடக்கும். அதனால் ஒவ்வொரு பிளேடு மாற்றும்போதும் அந்தச் சந்தைக் கேஜ் வைத்துப் பார்த்துத் திருக வேண்டும், நம் ஆட்கள் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு திமில் மாதிரி வைத்திருக்கிற பிளேடு வேண்டாம், அந்தத் திமில் அலுமினியத்தில் பல் இறங்குவதைத் தடுக்கும். கீழே அடைந்திருக்கிற மரத்தூளையும் அவ்வப்போது ஊதிவிடுங்கள்.

மரம் திருப்பி அடிப்பதையும் இது தடுக்குமா?

தடுக்காது. கடைக்காரர்கள் இதை வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள்.

10 அங்குலப் பிளேடின் விளிம்பு 3,650 சுற்றில் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்துகிறது, பின்பக்கப் பல் மேலே எழும்பி வருகிறது. அறுத்த மரம் வளைந்தோ விலகியோ அந்தப் பின்பல்லில் சிக்கினால் பல் அதைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். அந்த நேரத்தில் மரத்தைப் பிடித்திருந்த கையும் கூடவே பிளேடுப் பக்கம் இழுபடும். விரல் போன பல கதைகளைக் கேட்டுப் பாருங்கள், முதலில் மரம் அடித்திருக்கும், அடுத்ததுதான் விரல். தோலை உணர்கிற மெஷின் இரண்டாவதைக் காப்பாற்றும், வயிற்றில் விழுகிற அடிக்கு அதனிடம் மருந்து இல்லை.

ரப்பர் மரத்துக்கு இதில் தனி குணம் இருக்கிறது. காற்றில் சாய்ந்து நின்ற மரத்தில் ஒரு பக்கம் இழுவை அதிகம், நீளவாக்கில் அறுக்க அறுக்க இரண்டு பாதியும் ஒன்றையொன்று நோக்கி மூடி வந்து பிளேடைக் கவ்வும். அதற்குத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்கிற தகடு, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கி அறுத்த வாயை மூடவிடாமல் நிற்கும். அதன் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடவும், பல் அறுக்கிற அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று மெல்லிய பிளேடு ஒன்றை வாங்கி மாட்டினால் மரம் தகட்டில் போய் முட்டி நிற்கும், உடனே நம் ஆள் தகட்டைக் கழற்றித் தூர வைப்பான். கழற்ற வேண்டியது பிளேடைத்தான். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் இடது பக்கம் ஒதுங்கி நிற்பதும் காசில்லாத பாதுகாப்பு.

அந்த வசதி இல்லாத மெஷின்தான் வாங்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

முதலில் ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டிவைத்துத் தள்ளுகிற பக்கக் கட்டை. அதை நகர்த்தி இறுக்கிவிட்டு, பிளேடின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் அளந்து பாருங்கள். பின்னால் குறைந்தால் மரம் நெரிபடும், அந்த மெஷின் வேண்டாம். டிவால்டில் பல்சக்கரம் வைத்து முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் நகர்கிற ஏற்பாடு, அது ஒன்றுக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள், நியாயம்தான். அடுத்தது ரிவிங் நைஃப் உண்டா, பாவாடை மாதிரி மேலே மூடுகிற கார்டு ஸ்பானர் இல்லாமல் கழற்றி மாட்ட முடிகிறதா என்பது. மாட்டக் கஷ்டமான கார்டு முதல் நாளே பெட்டிக்குள் போய்விடும், பிறகு யாரும் தேடமாட்டார்கள். சுவிட்ச் முழங்காலால் தட்டி அணைக்கிற மாதிரி இருக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத சுவிட்சாகவும் இருக்கட்டும், நம் ஊரில் அது கட்டாயம். கடைசி ஆறு அங்குலத்தைக் கையால் தள்ளாதீர்கள், தள்ளுகட்டை வேண்டும், உடைந்தால் ப்ளைவுட்டில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

கை சர்குலர் ஸாவை ப்ளைவுட் மேசையில் கவிழ்த்து வைத்து இருபது வருஷமாக ஓட்டுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?

ஆனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கார்டு கம்பி போட்டுக் கட்டியிருக்கும், ரிவிங் நைஃப் கிடையாது, சுவிட்ச் டேப் ஒட்டி எப்போதும் ஆன், அணைக்க பிளக்கைப் பிடுங்க வேண்டும். நானும் பத்து வருஷம் அதில்தான் அறுத்தேன். சாஸ்டாப் வாங்கக் காசில்லை என்பது புரிகிறது, இதை விட்டு ஒரு சாதாரண நல்ல மெஷினுக்கு மாறுவதே பெரிய தாண்டல்.

கிளவுஸ் போடலாமா?

கூடாது. நூலைப் பிடித்துக் கையை உள்ளே இழுக்கும். தோலை உணர்கிற மெஷினிலும் கிளவுஸை அறுத்துத் தோலைத் தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். கையில் கட்டிய கோயில் கயிறு, மோதிரம், தொங்குகிற சட்டைக் கை, இதெல்லாமும் அப்படித்தான்.

சைட்டில் கரண்ட் போதுமா?

1,800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன பிளக்கில் செருகாதீர்கள், பெரிய 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். நீள ஒயர் இழுத்தால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கி மெஷின் திணறும், திணறுகிற பிளேடை நாம் தள்ளி அறுப்போம், தள்ளும்போதுதான் கை வழுக்கும்.

கடவுளே, ஒருவேளை விரல் போய்விட்டால்?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது, சதை கருகிவிடும். 108 எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும். விரல் ஒட்டவைக்கிற ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் உண்டு என்று இன்றைக்கே விசாரித்துப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள், ரத்தம் ஓடும்போது விசாரிக்க முடியாது.

சரி அண்ணே, கடைசியில் நீங்கள் எதை வாங்கினீர்கள்?

சாதாரண மெஷின்தான், 10 அங்குலம், நல்ல ஃபென்ஸ், ரிவிங் நைஃப், மோட்டார் பிரேக். என் வேலையில் பாதி மழைக்காலத்து மரம், சாவியைத் திருப்பியே வைத்திருக்க எனக்குக் காசு இல்லை. இதுவே கபோர்டு வேலை மட்டும் செய்து, காய்ந்த ப்ளைவுட் மட்டும் அறுத்து, புதுப் பையன்கள் நாலு பேர் மாறி மாறி நிற்கிற பட்டறை என்றால் கடன் வாங்கியாவது சாஸ்டாப் எடுத்திருப்பேன், நெய்யாற்றின்கரைச் சேட்டன் எடுத்ததும் அந்தக் கணக்கில்தான். கார்டைக் கழற்றினால் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் அவன் செலவு என்று பட்டறையில் சட்டம் போட்டிருக்கிறேன். முதல் வாரத்தில் மாட்டிக்கொண்டது நான்தான், ஏழு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன்.